தோல் காயவைத்தவன் வீட்டு ஃபேன்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில், ஈரத்தோலைக் காயவைக்கும் ஷெட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் அங்கே நான்தான் சூப்பர்வைசர். காற்றைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது என்ற திமிர் அதனால் வந்தது. எந்தப் பக்கத்துப் பலகையை எத்தனை விரல் திறந்தால் தோல் பதமாகக் காயும், எதைத் திறந்தால் ஓரம் சுருண்டு விறைத்துப்போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டிலும் அதே அதிகாரம்தான். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும்.

"ஃபேன் ரூமைக் குளிர வெக்காது. ஒடம்புல இருக்குற வேர்வையத்தான் காய வெக்கும். ஒடம்பே இல்லாத ரூம்ல அது எதைக் காய வெக்குது?" என்று கத்துவேன்.

"சூப்பர்வைசர் வந்துட்டாரு. எல்லாரும் வரிசையா நில்லுங்க, ஈரம் இருக்குதான்னு தொட்டுப் பாப்பாரு" என்பாள் என் மனைவி. வீட்டில் அவளையும் என் மகளையும் தவிர வரிசையில் நிற்க வேறு ஆள் கிடையாது.

மகள் ஒரே பெண். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடமாக அங்கேயே குடித்தனம், படுக்கையறையில் ஏசி. சித்திரையில் வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதாகப் பேசி வைத்திருந்தோம். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் போன் செய்தாள்.

"அப்பா, வளைகாப்பு முடிஞ்சதும் வர்றேன். ஆனா பத்து நாள் இருந்து பாப்பேன். வெக்கை தாங்கலன்னா கெளம்பிடுவேன். பிரசவத்த இங்கயே வெச்சிக்கலாம்னு அவரு சொல்றாரு. கோச்சிக்காதப்பா."

நான் விஷயத்தைச் சொன்னபோது மனைவி மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். புலம்பியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவள் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கால் கிலோ மிளகாய்க்கு அவ்வளவு மூக்குறிஞ்சல் வராது.

"ஏசி ஒண்ணு போட்டுட்டா?" என்று கடைசியில் கேட்டாள்.

எங்கள் தெருவில் மே மாதம் மாலையானால் வோல்டேஜ் படுத்துவிடும். எதிர்வீட்டு ஏசி ஒருமுறை உறுமிவிட்டு அணைந்துபோவதை நாங்கள் தினமும் கேட்கிறோம். அது ஒரு காரணம். என் திமிர் இன்னொரு காரணம்.

"ஏசியெல்லாம் எதுக்கு? அந்த ரூமை ஊட்டியாக்கிக் காட்றேன், பாரு."

"ஊட்டி வேணாம். ஏலகிரியாச்சும் ஆக்குங்க" என்றாள்.

மகளுக்கு ஒதுக்கிய அறை மேற்குப் பார்த்தது. மேலே மாடி கிடையாது. பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் கூரை, பொழுது சாய்ந்தபின் அதை எங்கள் தலையில் இறக்கும். நான் முதலில் கூப்பிட்டது பஜாரில் ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயை. நாங்கள் பழைய தோஸ்துகள். அவர் ஸ்டூலில் ஏறி இறக்கையைத் தடவிவிட்டு விரலை எனக்குக் காட்டினார்.

"இது ஃபேன் இல்லண்ணே, குருவிக்கூடு. இவ்ளோ தூசியத் தூக்கினு அது எப்டி சுத்தும்?"

துடைத்தார். கெபாசிட்டரை மாற்றினார். ஃபேன் கூரையை ஒட்டித் தொங்குவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மேல ஒரு அடியாச்சும் எடம் உட்டாத்தானே காத்தை இழுத்துக் கீழ தள்ளும்?" என்று நீளமான ராடு போட்டார். எல்லாம் முடிந்து அவர் கையைக் கழுவும்போது ஒரு பார்சல் வந்தது. மாப்பிள்ளை அனுப்பியது. உள்ளே ரிமோட் வைத்த புது ஃபேன்.

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம வீட்ல ஃபேன் இல்லன்னு நெனச்சிட்டாரா மாப்பிள்ள?"

"இருக்குன்னு தெரிஞ்சுதான் அனுப்பியிருக்காரு" என்றாள் மனைவி.

புது ஃபேன் அறைக்கும், பழையது கூடத்துக்கும் போயின. பாய் போன பிறகு ரிமோட்டில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். வளைந்த அம்பு போட்ட ஒரு பொத்தானை அழுத்தியதும் ஃபேன் நின்று எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. கெடுத்துவிட்டேன் என்று பயந்து, மறுபடி அழுத்தி, நேராகச் சுற்றியதும் ரிமோட்டைப் பீரோ மேல் வைத்துவிட்டேன். மறுநாள் மொட்டைமாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். வெள்ளையாக இருந்தால் வெயில் அவ்வளவாக இறங்காது. நான் இறங்கி வந்தபோது மாடியைவிட வெள்ளையாக இருந்ததாக மனைவி சொன்னாள்.

மகள் இரண்டு கையிலும் வளையல் குலுங்க வந்து சேர்ந்தாள். முதல் நாள், "பரவாயில்லப்பா" என்றாள். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து வெறுந்தரையில் படுத்தாள். மூன்றாம் நாள் நான் இரண்டு ஜன்னலையும் சாத்தி, உள்பக்கம் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை அஞ்சில் வைத்தேன். ஒரு மணிநேரத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் வழிந்தது.

"அப்பா, நான் இன்னா இட்லியா?"

ஈரக்காற்று எதையும் காயவைக்காது என்று ஷெட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். ஜன்னலைத் திறந்து, காற்று ஒருபக்கம் வந்து மறுபக்கம் போக வழி விட்டிருந்தால் அந்தப் போர்வைக்கு அர்த்தம் உண்டு. மூடிய அறையில் அது வியர்வையை உடம்பிலேயே உட்கார வைத்துவிட்டது. மாட்டுத்தோலுக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற மகளுக்குக் கொடுக்கவில்லை என்று மனைவி இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் பாயை மறுபடி வரவழைத்தேன். அவர் ஃபேனுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேன் சோக்காதான் சுத்துது. ஆனா உள்ள இருக்குற காத்தையே சுத்தினு இருக்குது. மேல நிக்கிற சூட்டைக் கீழ தள்ளுது, அது சொவுத்தோரமா மறுபடி மேல போவுது. சூடு வெளிய போக வழி எங்கண்ணே?" என்றவர் ஜன்னலுக்கு மேலே சுவரைப் பார்த்தார். "எல்லா வீட்லயும் இங்க ஒரு வெண்டிலேட்டர் இருக்குமே?"

"கட்டும்போதே வெக்கல" என்றேன்.

பொய். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் மாலை ஐந்து மணி வாக்கில் காற்று திரும்பும். திரும்பும்போது தொழிற்சாலைப் பக்கத்து வாசனையைக் கூட்டிக்கொண்டு வரும். தோலும் மருந்தும் கலந்த அந்த நெடியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது, எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த நேரம் வந்ததும் தெருவில் எல்லார் கையும் தானாக ஜன்னலுக்குப் போகும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வருவார்கள். வெளியே வெக்கை தணிவதும் அந்த நேரத்தில்தான். குளிர்ந்த காற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே சூட்டைப் பூட்டி வைத்து, ஃபேனை அஞ்சில் திருப்பி, வேலூர் வெயிலைத் திட்டுவோம். நானும் அப்படித்தான். நாளெல்லாம் காற்றோடு வேலை செய்தவன் வீட்டுக்கு வந்ததும் அதை மூடி வைத்தேன்.

மகளைப் பெண் பார்க்க வந்தபோது நல்ல நேரம் நாலரை முதல் ஆறு என்று குறித்துவிட்டார்கள். ஜன்னலைச் சாத்திவிடலாம். அந்த அறை வெண்டிலேட்டருக்குக் கதவு கிடையாது, வெறும் ஓட்டைதான். அதற்கு முந்தின நாள் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தோல்துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, அளவாக வெட்டி, ஷூவுக்குப் போடும் பசையால் இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். ஏற்றுமதிக்கு அனுப்பலாம், அவ்வளவு சுத்தமான வேலை. சென்னையிலிருந்து அன்று காலைதான் வந்த மகளுக்கு இது தெரியாது. சம்பந்தம் முடிந்தது. நான் அந்த ஓட்டையைத் திறக்கவே இல்லை.

திறக்காததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு மகள் எங்கள் வீட்டில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. வேலை என்பாள், லீவு இல்லை என்பாள். எனக்கு மட்டும், இவளுக்கு இந்த வாசனை பிடிக்காமல் போய்விட்டது, என் சட்டையோடு வீட்டுக்குள் வந்த அதே வாசனை, என்று ஓர் எண்ணம் ஒட்டிக்கொண்டது. அவள் போனில் வெக்கை என்றபோதும், பெற்ற அப்பாவிடம் வாசனை என்று சொல்லக் கூசி வெக்கை என்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். அதனால்தான் கெபாசிட்டர், ராடு, சுண்ணாம்பு, ஈரப் போர்வை என்று எல்லாவற்றையும் செய்தேன். செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. சூடு போக வழி விட்டால் வாசனை வர வழி கிடைத்துவிடும்.

எட்டாம் நாள் நாலு மணி வாக்கில் மகள் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். போனில் மாப்பிள்ளையிடம், "ஞாயித்துக்கெழம வந்துடு. முடியல" என்றது என் காதில் விழுந்தது. அவள் கூடத்தில் போய்ப் படுத்ததும், நான் மேஜைமேல் ஸ்டூலைப் போட்டு, தோல் வெட்டும் கத்தியோடு ஏறினேன்.

பசை விடவில்லை. இப்படி ஒட்டியவன் எவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். அரைமணிநேரம் போராடியபின் ஒரு மூலை பிய்ந்தது. அடுத்த நொடி, கூரைக்குக் கீழே தேங்கியிருந்த வெப்பமெல்லாம் என் முகத்தை உரசிக்கொண்டு அந்த ஓட்டை வழியாக வெளியேறியது. அப்படியே குனிந்து இரண்டு ஜன்னலையும் கத்தியின் பிடியால் தள்ளித் திறந்தேன். மணி ஐந்து. காற்று வந்தது, கூடவே வாசனையும் வந்தது.

வளையல் சத்தம் கேட்டது. மகள் கதவருகில் நிற்கிறாள் என்று தெரிந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் தோல்துண்டோடு சுவரைப் பார்த்தபடியே நின்றேன்.

"அப்பா, மொதல்ல கீழ எறங்கு. விழுந்து வெச்சேன்னா ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில பெட்டு பாக்கணும்."

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபேனை மூன்றில் வைத்துக்கொண்டு படுத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் எட்டிப் பார்த்தோம், அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி தரையில் கிடந்த தோல்துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"இதை எப்ப பிப்பீங்கன்னு மூணாவது நாள்லேந்து பாத்துனு இருந்தேன்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சூப்பர்வைசருக்கு யாரு சொல்றது?"

மறுநாள் காலை மகள் மாப்பிள்ளையிடம், "ஞாயித்துக்கெழம வா. ஆனா சும்மா பாத்துட்டுப் போ" என்றாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. வாசனை அவளுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

அதற்குப் பிறகு அறைக்கென்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்குள் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவோம், வெயில் உள்ளே வராது. ஐந்து மணிக்குத் திறந்தால் மறுநாள் காலைவரை திறந்தே இருக்கும். ஃபேன் மூன்றைத் தாண்டவில்லை. அறையைவிட்டு வெளியே வந்தால் அவளே அணைத்துவிட்டு, "ஒடம்பு வெளிய வந்துடுச்சுப்பா" என்று எனக்குத் தகவல் சொல்வாள். அக்னி நட்சத்திரம் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மரியாதையாக வந்து மரியாதையாகப் போனது.

ஆனிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அறையைத் துடைத்து, ஃபேனைத் துடைத்து, இரண்டில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். மனைவி உள்ளே வந்தாள், மகளின் காதில் பஞ்சை வைத்தாள், ஃபேனை அணைத்தாள்.

"பச்ச ஒடம்பு. காத்து படக் கூடாது."

இரண்டு மாதம் நான் பட்ட பாடு அந்த ஒரு விரலில் நின்றது.

"அம்மா, ஆஸ்பத்திரியிலயே ஃபேன் போட்டாங்க. நர்சம்மாவே போடச் சொன்னாங்க" என்றாள் மகள்.

"உனக்கு வயசாகி முட்டி வலிக்கும்போது ஆஸ்பத்திரிக்காரங்களா வந்து தேச்சி விடப்போறாங்க?"

அன்று பிற்பகல் தாயும் சேயும் நனைந்து கிடந்தார்கள். குழந்தை கழுத்தில் வேர்க்குரு. மனைவியோடு நான் மோதவில்லை. அந்த வயதில் வேறு எந்தப் புத்தி இல்லாவிட்டாலும் அந்தப் புத்தி எனக்கு வந்திருந்தது. பீரோ மேலிருந்த ரிமோட்டை எடுத்தேன். வளைந்த அம்பு போட்ட பொத்தானை அழுத்தினேன். ஃபேன் எதிர்ப்பக்கமாக, மெதுவாகச் சுற்றியது. அப்படிச் சுற்றும்போது காற்றைக் கீழே அடிக்காமல் மேலே இழுத்து, கூரையோடு பரப்பி, சுவரோரமாக இறக்கிவிடும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மனைவி நம்பவில்லை. ஃபேனுக்கு நேர்கீழே நின்று முந்தானையைக் கையில் தூக்கிப் பிடித்தாள். அசையவில்லை. மகளின் தலைமாட்டில் பிடித்தாள். அசையவில்லை. குழந்தையின் தொட்டில் ஓரத்தில் பிடித்தாள், ஒரு நூல் மட்டும் லேசாக ஆடியது. அந்த நூலைக் கொஞ்சநேரம் முறைத்தாள். எங்கள் தொழிற்சாலைக்குச் சரக்குப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள்கூட இவ்வளவு சோதிக்க மாட்டார்கள்.

"மேல படல. அப்புறம் எப்டி புழுக்கம் கொறஞ்சாப்ல இருக்குது?"

"அது இன்னான்னா, மேல போற காத்து கூரையத் தொட்டு..."

"போதும். ஓடட்டும் உடுங்க" என்றாள்.

ஆடியில் ஃபேனுக்கே வேலையில்லை. காற்று அடித்த அடியில் ஜன்னல் கொக்கி போட்டும் நிற்கவில்லை. பகலில் பாதிநேரம் அதை அணைத்தே வைத்திருந்தோம். புரட்டாசியில் மாலை தவறாமல் மழை வந்தது, குழந்தையின் துணி காயவில்லை. முப்பது வருட அனுபவத்துக்கு அப்போதுதான் வீட்டில் உண்மையான மதிப்பு வந்தது. கூடத்து ஃபேனுக்குக் கீழே நாலு வரிசை கயிறு கட்டினேன். துணிக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி. அஞ்சில் வைக்கவில்லை, இரண்டில் வைத்து ஒரு ஜன்னலை மட்டும் ஒருக்களித்துத் திறந்தேன், ஈரம் வெளியே போக வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போட்டு, காய்ந்ததைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து எடுத்தேன்.

"இன்னாப்பா, பதம் வந்திச்சா? பேக் பண்ணி ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு அனுப்பலாமா?" என்பாள் மகள், பால் கொடுத்தபடியே.

நான் சிரிப்பேன். ஆனால் ஐந்து மணி ஆனதும் துணியைத் திருப்புவதை நிறுத்திவிடுவேன். வாசனை வரும்போது ஓரக்கண்ணால் அவள் மூக்கைப் பார்ப்பேன். ஒருநாளும் அவள் முகத்தில் ஒன்றும் தெரிந்ததில்லை. எங்களுக்காகப் பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசி முதல் வாரம் தாயையும் குழந்தையையும் அழைத்துப் போக மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். கிளம்ப நல்ல நேரம் ஐந்தரைக்கு மேல். மழை பெய்து ஓய்ந்த மாலை, வாசனை கனத்து இறங்கும் நாள் அது. மாப்பிள்ளை காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா அறையில் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குக் காற்று திரும்பியது.

அவர் மூக்கைச் சுருக்கினார். கைக்குட்டையைத் தேடினார். பிறகு சந்தேகத்தோடு குனிந்து, தூங்குகிற குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தார்.

"பாப்பா போயிட்டாளா, பாரும்மா" என்றார் மகளிடம்.

என் கால்கள் என்னைக் கேட்காமலே ஜன்னலுக்குப் போயின. கதவில் கை வைத்தேன்.

"மூடாதப்பா" என்றாள் மகள். "கொழந்த தூங்குறா, காத்து வரட்டும்." பிறகு மாமியார் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பாப்பா இல்லத்தே. இது எங்கப்பா ஃபேக்டரி வாசன. உங்க பையன் போட்டுனு வந்த ஷூவும் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி இப்டித்தான் மணந்துனு இருந்திருக்கும்."

சம்பந்தியம்மா வாசலில் மகன் கழற்றி வைத்திருந்த ஷூவைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் மகளுக்கு அந்த வாசனையில் வெட்கம் இல்லை. இரண்டு வருடமாக வெட்கப்பட்டது நான் மட்டும்தான். அவள் போனில் வெக்கை என்று சொன்னபோது வெக்கையைத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. சம்பந்தியம்மா முன்னால் அழக் கூடாது என்று, கயிற்றில் இருந்த துணிகளை எடுக்கிற சாக்கில் கூடத்துக்கு வந்துவிட்டேன். அவர்கள் கிளம்பும்வரை அந்த ஜன்னல் திறந்தே இருந்தது.